தொண்ணூறு எண்ணும்வரை

மடிப்பக்காவை ஓரிடத்தில் உட்கார வைப்பதற்குள் மனிதனுக்கு உயிர் போய்விடும். விடுதிகளின் துணியை வெளுக்கும் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறாள், பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அங்கே இயந்திரம் துவைக்கிற நேரத்தில் இஸ்திரி போடவேண்டும், இஸ்திரிப்பெட்டி சூடாகிற நேரத்தில் மடிக்கவேண்டும். கை சும்மா இருந்தால் மேற்பார்வையாளர் கண்ணாடிக் கதவைத் தட்டுவார். அந்த ஆள் ஓய்வுபெற்றுப் போய் ஆறு வருடம் ஆகிறது. இவள் காதில் மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார்.

ஐம்பத்திரண்டு வயதில் எடை தூக்கப் போனது ஒன்றும் ஆசைக்கு அல்ல. வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. லாரி ஓட்டிய மனிதர், கனத்த உடம்பு. மாடியில் குடியிருந்த கொழுந்தனார்தான் காலையும் மாலையும் இறங்கிவந்து அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவார். கொழுந்தனாருக்கு வெளியூர் மாற்றல் வந்துவிட்டது, பத்து வாரத்தில் கிளம்பியாக வேண்டும். அதற்குள் இவள் தனியாகத் தூக்கப் பழகாவிட்டால் வீட்டுக்காரரைப் பராமரிப்பு இல்லத்தில் விடுவதைத் தவிர வேறு வழியில்லை. அவரே குழறிக் குழறி, "விட்டுடு" என்று சொல்லிப் பார்த்தார். அந்தப் பேச்சை எடுத்தால் நடக்கிறதே வேறு என்று இவள் வாயை அடைத்துவிட்டாள்.

தெருமுனை உடற்பயிற்சிக் கூடத்தில் கோச் ஒரு பெண். முப்பது வயதிருக்கும், பொறுமைசாலி. அந்தப் பொறுமை இரண்டு வாரம் தாங்கியது.

மார்புக்கு எடையைத் தள்ளுவது ஒன்று, முதுகுக்கு எடையை இழுப்பது ஒன்று. இரண்டையும் ஒட்ட ஒட்டச் செய்தால் அதுதான் சூப்பர்செட் என்று கோச் சொல்லிக்கொடுத்தாள். முதுகு வேலை செய்யும்போது மார்பு இளைப்பாறும், அதனால் நேரம் மிச்சம். மடிப்பக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. அட, இதைத்தானே காலமெல்லாம் செய்கிறோம்! ஆனால் இரண்டும் முடிந்ததும் தொண்ணூறு விநாடி உட்கார வேண்டும் என்று கோச் அடுத்துச் சொன்னாளே, அது காதிலேயே ஏறவில்லை.

மறுநாளே தன் இஷ்டத்துக்கு ஒரு ஜோடி சேர்த்தாள். தோளில் எடையை வைத்து உட்கார்ந்து எழுவது, உடனே தரையிலிருந்து எடையை எடுப்பது. இரண்டுக்கும் அதே கால்தான், அதே முதுகுதான். மூன்றாவது சுற்றில் முழங்கால் வெடவெடவென்று ஆடியது. இந்த இரண்டையும் ஜோடி சேர்க்கவே கூடாது, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் முழுசாக இரண்டு மூன்று நிமிடம் உட்கார வேண்டும் என்று கோச் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். அக்கா தலையை ஆட்டிவிட்டு, கிடைத்த இரண்டு நிமிடத்தில் அலமாரியிலிருந்த நாற்பது துண்டையும் மடித்து அடுக்கினாள். கோச் துண்டு அலமாரியை உள்ளறைக்கு மாற்றினாள். அக்கா கண்ணாடி துடைக்க ஆரம்பித்தாள். இவளை என்னதான் செய்வது?

"அம்மா, தூக்கும்போது பலம் செலவாகுது. உக்காரும்போதுதான் அது திரும்பி வருது. உக்காராம தூக்கினா எங்கேர்ந்து வரும்?"

"உக்காரவா இங்க வந்தேன்? அதுக்கு வீட்லயே உக்காந்திருப்பேனே."

வீட்டில் உட்கார்ந்திருப்பாளாம்! வீட்டுக்காரருக்குச் சோறு ஊட்டுவதே நின்றுகொண்டுதான். ஊட்டும்போதே ஒரு பாட்டம் புலம்பலும் நடக்கும். தொண்ணூறு எண்ணணுமாம், கையைக் கட்டிட்டு உக்காரணுமாம், சோம்பேறித்தனத்துக்கு இப்படியெல்லாமா பேரு வைப்பாங்க என்று. வாய் நிறையச் சோற்றோடு அவர் கேட்டுக்கொண்டிருப்பார். எடையோ நாலு வாரமாக ஒரு கிலோகூட ஏறவில்லை. அது ஏன் என்று யோசிக்கவும் உட்கார வேண்டுமே.

பத்து வாரம் முடிந்தது. கொழுந்தனார் போய்விட்டார்.

மறுநாள் காலை மடிப்பக்கா தண்ணீர் பிடித்தாள், துவைத்தாள், சமைத்தாள், வீட்டை ஒட்டத் துடைத்தாள். இத்தனையும் முடித்து, பாலைச் சிறுதீயில் வைத்துவிட்டு வந்துதான் அவர் இடுப்பில், பிடித்துத் தூக்குவதற்கான பட்டையைக் கட்டினாள். கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, கோச் காட்டியபடி முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தித் தூக்கினாள். பாதிதான் எழுந்தார். அவள் தொடை கைவிட்டது. தொப்பென்று இருவரும் கட்டிலில் விழுந்தார்கள்.

பராமரிப்பு இல்லத்தின் விண்ணப்பப் படிவம் ஜன்னலோரத்தில்தான் கிடந்தது. கொழுந்தனார் போகும்போது வைத்துவிட்டுப் போனது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது, அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. விருட்டென்று எழுந்து மறுபடி பட்டையைப் பிடித்தாள். அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உக்காரு."

"உங்களத் தூக்கி வச்சிட்டு உக்காருறேன்."

"உக்காரு," என்றார் மறுபடி. பிடியைத் தளர்த்தவில்லை. பிறகு, தடித்துப்போன நாக்கைப் புரட்டிப் புரட்டி, "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணத் தொடங்கினார்.

இத்தனை நாள் புலம்பலையும் மனிதர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்! வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். இருபதில், பக்கத்தில் கிடந்த தலையணை உறையை அவளது மற்றொரு கை தானாக மடிக்கப் போனது. அவர் எண்ணுவதை நிறுத்தி முறைத்தார். உறையைக் கீழே போட்டாள். நாற்பதில் மூச்சு அடங்கியது. அறுபதில் தொடை நடுக்கம் நின்றது. தொண்ணூறு என்றதும் எழுந்து, முழங்காலை மடக்கி, பட்டையைப் பிடித்து ஒரே தூக்கு. அவர் நாற்காலியில் இருந்தார்.

அவள் நாற்காலியையும் பார்த்தாள், ஜன்னலோரப் படிவத்தையும் பார்த்தாள். அடுப்படிக்குத் திரும்பப் போனவளை அவர் கூப்பிட்டார். கட்டிலைக் காட்டினார்.

"நான் விழுந்ததுலேர்ந்து... இன்னைக்குத்தான் நீ... எம்பக்கத்துல உக்காந்த."

குளிப்பாட்டினாள், துடைத்தாள், ஊட்டினாள், எட்டு மாதமாக ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது நிஜம்தான். வந்து உட்கார்ந்தாள். அவர் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். எண்பத்தொன்பது வந்ததும், "எழுபது" என்றார்.

"எழுபது அப்பவே வந்துடுச்சு."

"தெரியும்," என்றார் அவர்.

அடுப்படியில் பால் பொங்கி வழியும் வாசனை வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.