சகலையின் காருக்குக் கறுப்பு பெயிண்ட்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், சாயங்காலம் நாலேகாலுக்குச் சகலையின் ஃபியட் கார் ஜாக்கியிலிருந்து சரிந்தது. அதுவரை அந்தக் காருக்கு அடியில் தலையை நுழைத்து வேலை செய்துகொண்டிருந்தவள் என் மகள்.

சின்னமனூரில் எங்களுக்கு எதிரெதிர் வீடு. சகலை திராட்சை வியாபாரி. தோட்டத்துப் பாதைகளில் சரளைக்கல் தெறித்து, காரின் முன்பக்க ஸ்பிரிங்கில் பெயிண்ட் உதிர்ந்து துரு பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, மேலே கறுப்பு அடிக்கும் வேலையை மகள் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டில் காபி குடித்த டம்ளரைக்கூடக் கழுவாதவள். நான் பரீட்சை பற்றிக் கேட்டால் ஒற்றைச் சொல்லில் முடிப்பவள், அவரிடம், "சித்தப்பா, துரு உள்ளுக்குள்ளயும் போகுமா?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை வரை கறுப்பு. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

"சகலை, இந்தப் புள்ளைய எனக்கே எழுதிக் குடுத்துருங்க. ஒங்களுக்குத்தான் ஸ்க்ரூ எந்தப் பக்கம் திரும்பும்னே தெரியாதே" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். அவர் சொன்னதைவிட அதுதான் சுட்டது. முக்குக் கடைக்குப் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ சொன்னேன்.

கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில் படுக்கப் போடுவது வழக்கம். ஜாக்கி வழுக்கினால் அது தாங்கும். சகலை அதைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். பொட்டு வைத்ததைச் சேற்றில் கிடத்த மனம் வராமல் சுவரில் சாய்த்திருந்தார். மழையில் தரை வேறு ஊறிப்போயிருந்தது.

சத்தம் கேட்டு ஓடினேன். காரின் மூக்கு தரையைத் தொட்டுக் கிடந்தது. பக்கத்தில் அவளுடைய செருப்பு. வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்த சகலை தலையில் அடித்துக்கொண்டு, "ஏலே, வாங்கடா! வெரசாத் தூக்குங்கடா!" என்று தெருவையே கூப்பிட்டார். நானும் பம்பரைப் பிடித்தேன். குனிந்து பார்க்கத்தான் தைரியமில்லை.

தூக்கியதும் சகலைதான் குனிந்தார். "அங்கன யாருமில்ல சகலை" என்றார்.

அப்போது எங்கள் வீட்டு வாசலிலிருந்து, பெயிண்ட் டப்பாவோடு வெறுங்காலில் அவள் வந்தாள்.

"என்னப்பா கூட்டம்? மிச்சப் பெயிண்ட்ட ஒங்க சைக்கிள் சீட்டு ஸ்பிரிங்குக்கு அடிச்சிட்டு வாரேன். அதுவும் துருவாத்தான் கெடக்கு. இப்ப உக்காந்துராதீக, ஈரம் காயல."