ஆறு மோல்ட் டின்னும் ஒரு நகவெட்டியும்

நான் விழுந்தது கோயில் வாசலில். பக்திப் பரவசத்தில் விழுந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் யாரோ ஒரு பெண் என் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு கொழும்புக் காலி வீதிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அவளைப் பிடிக்க வெறுங்காலோடு ஓடினேன். ஈரப்படி வாரிவிட்டது. செருப்பும் போய், வலது கணுக்கால் எலும்பும் உடைந்து, ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, முழங்கால் வரை பிளாஸ்டர்.

எங்கள் தமிழாட்கள் நெருங்கி வாழும் வெள்ளவத்தையில் கால் உடைந்தால் இரகசியம் காக்க முடியாது. மெல்பேர்னில் இருக்கும் என் மகனுக்கு நான் சொல்லும் முன்னரே ரொறன்ரோவில் இருந்து யாரோ சொல்லிவிட்டார்கள். கணவர் காலமாகி எட்டு வருடம், ஃப்ளாட்டில் நான் தனி. சாப்பாடு கடைப் பார்சல். கதவைத் திறக்க எழும்ப முடியாததால், பகலில் பூட்டாமலே விட்டிருந்தேன். ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

நோயாளியைப் பார்க்கப் போவதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. கையில் ஒரு மோல்ட் டின், பாலில் கரைத்துக் குடிக்கிற சத்துமா. கதிரையை இழுத்துப் போட்டு, விழுந்த கதையை முதலில் இருந்து கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும், இதைவிட மோசமாக விழுந்த ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும்.

"எங்கட மச்சாளுக்கும் உதே எலும்புதான் உடைஞ்சது," என்றார் முதலில் வந்தவர். "அதுக்குப் பிறகு அவ நடக்கவேயில்லை. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

இரண்டு கிழமைக்குள் மேசையில் ஆறு டின் சேர்ந்துவிட்டது. அதில் ஒன்று எனக்குப் பழக்கமான டின். போன வருடம் டெங்கு வந்த ஒரு அக்காவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தது. கார்க் கதவில் இடிபட்டு அமுங்கிய பக்கம் அப்படியே இருந்தது. எத்தனை நோயாளிகளைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி வந்ததோ, பாவம்.

இதற்கிடையில் எனக்கு ஒரே ஒரு பிரச்சினைதான். பிளாஸ்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெருவிரலின் நகம். அது வளர்ந்து, நுனி பிளந்து, போர்வையில் மாட்டி மாட்டி இழுத்தது. ஒவ்வொரு இழுவைக்கும் உயிர் போய் வந்தது. ஒரு நாள் இரத்தமும் கசிந்தது. நான் கொஞ்சம் உடம்பான ஆள். நல்ல காலத்திலேயே கால்விரலோடு எனக்குப் பெரிய போக்குவரத்து இல்லை. யாரிடமாவது கேட்கலாம்தான். ஆனால் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டி மேய்த்தவள், வீட்டுக்கு வந்தவரிடம் "என்ர காலைப் பிடியுங்கோ" என்று எந்த வாயால் கேட்பது?

ஒரு தடவை துணிந்தேன். வந்திருந்தவர் எங்கள் சற்சங்கத்தில் பேசுகிற, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். டின்னை வைத்துவிட்டு, கருணை என்றால் என்ன என்று எனக்கு விளக்கத் தொடங்கினார். எறும்பு முதல் யானை வரை வந்தார். என் போர்வை நகத்தில் மாட்டி நின்றது.

"ஐயா, உந்த மேசை லாச்சிக்குள்ள ஒரு நகவெட்டி..." என்று தொடங்கினேன்.

"பொறுங்கோ பிள்ளை, இதை முடிச்சிட்டு வாறன்," என்று கையைக் காட்டினார். முக்கால் மணித்தியாலம். முடித்ததும் எழுந்து போய்விட்டார். மனிதர் நல்ல மனிதர், அதுதான் எரிச்சல்.

எனக்கு மேல் மாடியில் இருந்தவள் மட்டும் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு வருடமாக எங்களுக்குள் பனிப்போர். அவள் உடுப்பைச் சரியாகப் பிழியாமல் பல்கனியில் காயப்போடுவாள். அந்தத் தண்ணீர் நேரே கீழே என் பல்கனியில் மோர் மிளகாய் காயும் சுளகில் சொட்டும். ஃப்ளாட் வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறை எழுதியிருக்கிறேன், ஒரு முறை படத்தோடு. அவள் கொழும்புக்காரி, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். யாழ்ப்பாணத்துக்காரியான எனக்கு அதுவும் ஒரு குற்றமாகவே பட்டது என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் கிழமை ஒரு காலை, அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் டின் இல்லை.

"அக்கா, என் துவாய் உங்க பல்கனியில விழுந்துருச்சு. எடுத்துக்கிறேன்."

எடுத்துக்கொண்டு போகிற போக்கில் நின்றாள்.

"அந்த நெகம் துணியில மாட்டுது பாருங்க. ரத்தம் வேற வந்திருக்கு."

"பரவாயில்லை."

"என்ன பரவாயில்ல? நெகவெட்டி எங்க?"

லாச்சியைக் காட்டினேன். சின்னப் பேசினில் இளஞ்சூடாகத் தண்ணீர் கொண்டுவந்து, துவாயை மடியில் விரித்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, காலைத் தொடாதேங்கோ!"

"தொடாம எப்படி அக்கா வெட்டுறது?"

துவாய் நுனியை நனைத்து நகத்தை ஊறவைத்து, பிளந்த துண்டை நோகாமல் எடுத்தாள். பிறகு மற்றக் காலையும் கேட்டு வாங்கி, பத்து நகத்தையும் வெட்டினாள். நான் எப்படி விழுந்தேன் என்று கேட்கவே இல்லை. லிஃப்ட் பழுதான கதையைச் சொல்லித் திட்டினாள். வெட்டியதைப் பேப்பரில் மடித்துக் குப்பையில் போட்டுவிட்டுத் துவாயோடு போய்விட்டாள்.

அவள் போனபிறகு நான் விக்கி விக்கி அழுதேன். மகனுக்குச் சொல்லவில்லை. நகம் வெட்டியதற்கு அழுதேன் என்றால் உடனே மனநல வைத்தியரைப் பிடித்திருப்பான். அழுததில் பாதி வெட்கம். வந்த ஆறு பேரும் என் காலைப் பார்க்கவில்லை என்று பொருமினேனே, நான் மட்டும் யாருடைய காலைப் பார்த்தேன்? எத்தனை வீட்டில் டின்னோடு போய் உட்கார்ந்து, மச்சாள் கதை சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்திருக்கிறேன்!

நாலு மாதம் போனது. நான் நடக்கத் தொடங்கி, மிளகாயும் போடத் தொடங்கிவிட்டேன். ஒரு நாள் மேலிருந்து தண்ணீர் சொட்டவில்லை, ஊற்றியது. பழக்கதோஷம், ஃபோனை எடுத்துப் படமும் பிடித்துவிட்டேன். குழுவில் போடப் போகும்போது, மேல்மாடி 'நோனா'வுக்கு, அவளுக்குத்தான், சிக்குன்குன்யா என்று ஃப்ளாட் வாட்ச்சர் காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது.

மேலே போனேன். கையில் என்ன? அந்த அமுங்கிய டின்தான்.

கதிரையில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். "எங்கட பெரியம்மாவின்ர மருமகளுக்கும் உதுதான். ஒரு வருசமாக் கையை மடக்கேலாமல்..." அங்கேயே நிறுத்திக்கொண்டேன். அவள் விரல்கள் வீங்கி, மடங்காமல் கிடந்தன. பல்கனிக் கொடியில் பிழியாமல் போட்ட சட்டைகள் ஒழுகிக்கொண்டிருந்தன. கதவடியில் ஒரு வாளி. அதற்குள் பிழியாத நீல ஓவரோல்கள். அவள் கணவர் தெமட்டகொடையில் ரயில் எஞ்சின் திருத்துபவர். விடியப் போனால் இருட்டித்தான் வருவார்.

வாளியைப் பிடித்தேன்.

"வேணாம் அக்கா, வைங்க!"

"பிழியாமல் எப்பிடிக் காயும்?"

ஓவரோலைக் கையில் எடுத்தபோதுதான் விளங்கியது. கன்வஸ் போலத் தடித்த துணி. தண்ணீரோடு தூக்கவே இடுப்பு முறிந்தது. முறுக்கினேன், திருப்பி முறுக்கினேன், பல்லைக் கடித்து முறுக்கினேன். இதை நல்ல கையாலும் யாரும் பிழிந்து முடிக்க முடியாது. நாலு ஓவரோலையும் கொடியில் போட்டுவிட்டு மூச்சு வாங்கி நின்றேன். அப்போதும் சொட்டிய தண்ணீரைப் பார்த்து அவள் சிரித்தாள்.

கீழே இறங்கி வந்தேன். என் மிளகாய்ச் சுளகு தெப்பமாக நனைந்திருந்தது. சுளகை உள்ளே எடுத்து வைத்தேன். நாளைக்கும் மேலே ஒரு வாளி உடுப்பு இருக்கிறது, பிழியப் போகவேண்டும்.