மேடைக்கு முதுகு காட்டியவர்

செகந்திராபாத்தின் பழைய தியேட்டர் ஒன்றில் ராக் கச்சேரிகள் நடத்துபவர் அவர். நரைத்த குதிரைவால் முடி, காதில் பஞ்சு. விளக்கமைக்கப் போன என்னிடம், ஒரு விளக்கை மட்டும் கூரைப் பக்கம் திருப்பச் சொன்னார்.

அன்று வாசித்த இசைக்குழுவை வரவழைக்க மாதக்கணக்கில் அலைந்தவர், கச்சேரி முழுக்க மேடைக்கு முதுகு காட்டி நின்று, கூரையில் சுண்ணாம்பால் செய்து பதித்த பழைய பூ வேலைப்பாடுகளையே பார்த்தார். டிரம்ஸ் அதிர்ந்து பொடி உதிர்ந்ததும் கையைத் தாழ்த்தினார். ஒலிபெருக்கிக்காரர் சத்தத்தைக் குறைத்தார். கூட்டம் கூச்சலிட்டது.

"மேடையைப் பாக்கவே மாட்டீங்களா சார்?" என்று அவர் காதருகே கத்தினேன்.

"நக்கோப்பா, வேணாம். அதைப் பாக்க இத்தனை ஜனம் இருக்கு. ஒரு பூ விழுந்தா ஓனர் அப்புறம் ஹாலே தரமாட்டார்."

கூட்டம் கலைந்ததும் பஞ்சை எடுத்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: "பசங்க நல்லா வாசிச்சாங்களா?"

"பிரமாதம் சார்" என்றேன். பாதிக் கச்சேரிக்கு மேல் நானும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.