‘அப்புறம்?’ என்று கேட்கிற வேலை

வாழ்க்கையில் அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவர்களை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடுவதும் ஒரு தொழில்தான். எண்பதுகளில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல்மாடி அறையில், அந்தத் தொழிலுக்கு நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் குழு கூடும். மூன்று நான்கு பேர் வருவார்கள்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பயிற்சி. ஐந்து வருஷம் கழித்து வரப்போகிற ஒரு சாதாரண நாளை, எழுந்திருப்பதிலிருந்து படுப்பது வரை ஒருவர் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது, ‘அப்புறம்?’ என்று மட்டும் கேட்கலாம். படுக்கைக்குப் போய்ச் சேரும்வரை ஆளை விடமாட்டோம். அடுத்தவர் பாரத்தைக் கேட்டுக் கேட்டுச் சோர்ந்துபோன வாசகர்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கிளியோடு போட்டி

எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு கிளி ஜோசியர் உட்கார்ந்திருப்பார். எதிர்காலம் பற்றிக் கேட்க வந்தவர்களைக் கடைக்காரர் சில சமயம் அவரிடம் காட்டிவிடுவார், சில சமயம் மாடிக்கு அனுப்பிவிடுவார். அப்படித்தான் ஒரு டாக்சிக்காரர் வியர்க்க விறுவிறுக்க ஏறி வந்தார். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, “அஞ்சு வருஷம் கழிச்சு உங்க நாள் எப்படி இருக்கணும்?” என்று எனக்கு வேலைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த குரலில் கேட்டேன்.

மனிதர் உண்மையாகவே யோசித்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். “கிளி ஒரு நிமிஷத்துல சொல்லிடுது லா. நீங்க என்னையே திருப்பிக் கேக்குறீங்க.”

கணவருக்காக வந்தவர்

பிலோமினா அக்கா படியேறி வந்ததே பெரிய காரியம். நின்று நின்று ஏறியிருக்கிறார். புக்கிட் மேராவில் வீடு, பிள்ளைகள் இல்லை. கணவர் சூசை கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவர், சீக்கிரம் ஓய்வு பெறப்போகிறார். தனக்கு வந்திருக்கும் நோய்க்கு இனிமேல் மருந்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதை, பஸ் வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னார்.

குழுவில் சேர்க்க வேண்டியது தன்னை அல்ல, கணவரை என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் சொல்வதை அவர் செய்வார், அவ்வளவுதான் குடும்பம். நான் நோக்கம், இலக்கு என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “அதெல்லாம் எனக்குப் புரியாது மிஸ். நான் போனப்பறம் அவரு காலையில எதுக்கு எந்திரிக்கணும்? அதை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க.”

கமலா அக்காவின் வகுப்பறை

குழுவில் ஏற்கெனவே இருவர் இருந்தார்கள். கமலா அக்கா தமிழ்ப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் சேராததால் பள்ளியை மூடிவிட்டார்கள், இவரை ஓர் அலுவலகத்தில் படிவம் வாங்கி முத்திரை குத்த உட்காரவைத்துவிட்டார்கள். செல்வம் ஆங் மோ கியோவிலிருந்து வரும் இளைஞன், தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவச் சேவையை முடித்துவிட்டு எந்த வேலையிலும் நிலைக்காதவன்.

சூசையண்ணன் வந்த முதல் வாரம், “வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்ல, ஹாஸ்பிட்டலுக்குப் போயிட்டு வந்துட்டு இருக்கோம்,” என்றார். அவர் முகத்தைப் பார்த்தே மற்ற இருவரும் புரிந்துகொண்டார்கள். அன்று கமலா அக்காவின் முறை. காலையில் புடவை கட்டுகிறார், பஸ் பிடிக்கிறார், வகுப்புக்குள் நுழைகிறார், பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்கிறார்கள். “அப்புறம்?” என்றான் செல்வம். கமலா அக்கா கைக்குட்டையைத் தேடினார். “அப்புறம் என்ன தம்பி, முழிப்பு வந்துடும்.”

கோப்பி

சில வாரம் தள்ளி சூசையண்ணன் முறை வந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு, வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். ஐந்து வருஷம் கழித்து அவர் எழுந்திருக்கிறார். அவர் மனைவி கோப்பி கலந்து வைத்திருக்கிறார். இருவரும் மாதா கோயில் பூசைக்குப் போகிறார்கள். மார்க்கெட்டில் அவர் மனைவி மீனுக்குப் பேரம் பேச, இவர் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். செல்வம் மெதுவாக, “அப்புறம் அங்கிள்?” என்றான். “அப்புறம் அவளைத்தான் கேக்கணும்,” என்றார்.

அதோடு விட்டுவிடத்தான் தோன்றியது. ஆனாலும் பிலோமினா அக்காவிடம் அன்று சரி என்று வாக்குக் கொடுத்திருந்தேனே. அவரே முதலில் எழுந்து, அவரே கோப்பி போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு நாளைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. இப்படி ஒன்றைக் கேட்கச் சம்பளம் வாங்குகிறோமே என்று எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. “எனக்குக் கோப்பி கலக்கத் தெரியாது, மிஸ்.”

அவர் நாளை இவர் சொன்னார்

அடுத்த மாதம் பிலோமினா அக்காவே கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். பாதியாகியிருந்தார். இன்று தன் முறை என்றார். சொன்னது தன் நாளை அல்ல, சூசையண்ணனின் நாளை.

அவர் ஆறு மணிக்கு எழுந்துவிட வேண்டும். கோப்பித்தூள் மேல் தட்டில் பச்சை டின்னில் இருக்கிறது, ரெண்டு கரண்டி போதும். பூசை முடிந்து மார்க்கெட். கடைசிக் கடைச் சீனரிடம் மீன், கண் கலங்கியிருந்தால் வாங்கக் கூடாது. புளியைக் கம்மியாகக் கரைத்துக் குழம்பு. பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுக்கு ஒரு கிண்ணம். பிறகு உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். சாப்பாடு வரை வந்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது.

செல்வம் வாயைத் திறந்தான். கமலா அக்கா அவன் கையை அழுத்தினார். நானும் பேசாமல் இருந்தேன். சூசையண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை. உடம்புக்கு முடியாத ஒருவரை மேலும் பேசவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பிலோமினா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “போதும்ல? இதுவரைக்கும் வந்துட்டாருன்னா மிச்சத்தை அவரே பார்த்துக்குவாரு.”

மீன் வாங்கிய நாள்

பிலோமினா அக்காவை அடக்கம் செய்தபோது நாங்கள் மூவரும் போயிருந்தோம். அதன் பிறகு சூசையண்ணன் பல வாரம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். அவராகத்தான் சொன்னார்.

ஒரு நாள், அக்கா சொன்னபடியே எல்லாம் செய்து பார்த்தாராம். கோப்பி கசந்தது, ஆனாலும் குடித்தார். மீன்காரர் மலாயில் “பினி மானா?” என்று மனைவியை விசாரிக்க, வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். மீனின் கண் பார்த்து வாங்கினார், குழம்பு வைத்தார், கிண்ணத்தைக் கொடுத்தார், உட்கார்ந்து சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார். அதன் பிறகு இருட்டும் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சொல்லிவிட்டு எங்கள் மூவரையும் பார்த்தார். அவருக்குக் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். “அவ சொன்னதெல்லாம் பன்னெண்டரைக்குள்ள முடிஞ்சிருச்சு, மிஸ். அன்னைக்கு யாராவது ஒருத்தர் ‘அப்புறம்?’னு கேட்டிருக்கலாமே.”

அடுத்தவர் வாழ்க்கைக்கு வழி காட்டப் பயிற்சி எடுத்து, சான்றிதழை வாங்கிச் சுவரிலும் மாட்டிய எனக்கு, கேட்டே ஆக வேண்டிய ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொள்ளும் பண்பு மட்டும் எந்தப் பயிற்சியும் இல்லாமலே வந்திருந்தது.