முடிச்சை அவிழ்த்த பிறகு

என் மகள் எட்டு மாதம் முடிவதற்குள் நடந்துவிட்டாள். தவழ்ந்தது பத்து நாள்கூட இருக்காது. ஒருநாள் காலையில் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். பிறகு சுவரை விட்டாள். நான்கு அடி வைத்து என் முழங்காலில் வந்து மோதினாள். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. நான் சிரித்தேன். என் மனைவியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே போய் வாசல் கதவைத் தாழ் போட்டாள்.

"இது பிள்ளையில்ல, சூப்பர் பாஸ்ட் வண்டி. எந்த ஸ்டாப்புலயும் நிக்காது, பாத்துக்கிடுங்க" என்றாள்.

நாங்கள் வலியசாலைக்குப் பின்புறம் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு அறை, ஒரு வாசல், ஒரு ஜன்னல். நான் பழவங்காடிப் பக்கம் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தேன். முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது, இனிமேல் கல்லுக்கு முன்னால் மணிக்கணக்காக நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அதனால் மனைவி ஒரு ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போனாள். நான் வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன். குழாயடியில் பெண்கள் நின்றால் நான் போக மாட்டேன். அவர்கள் போன பிறகு தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவேன்.

பிள்ளைக்காக வீட்டையே மாற்றி வைத்தோம். அரிவாள்மணை பரணுக்குப் போனது. இரும்புப் பெட்டியின் நான்கு மூலைகளிலும் பழைய துணியைச் சுற்றிக் கட்டினேன். மிக்ஸியைப் பிளக்கிலிருந்து பிடுங்கி அலமாரியின் மேல் வைத்தேன். குளியலறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்க விடமாட்டேன். வாளி எல்லாவற்றையும் காலி செய்து கவிழ்த்து வைப்பேன். கதவை அடைத்தால் ஷீட் கூரையின் சூட்டில் உள்ளே இருக்க முடியாது. அதனால் வாசலின் குறுக்கே என் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகையை நிறுத்தினேன். அப்படியும் அவள் ஒரு தடவை பிரிட்ஜைத் திறந்து கீழ்த்தட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தடவை கட்டில் மேல் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். விழுந்தாலும் அழமாட்டாள். எழுந்து அடுத்த இடத்துக்குப் போய்விடுவாள்.

அடுப்பில் வேலை இருக்கும்போது மட்டும் கட்டிப் போடுங்கள் என்று மனைவிதான் சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை.

"எங்கம்மா பீடி சுத்தும்போது எங்க நாலு பேரையும் கட்டில் காலுல கட்டித்தான் போடுவா. நாங்க என்ன செத்தா போயிட்டோம்? மெத்துனு இருக்குற வேட்டிய எடுத்து இடுப்புல சுத்தி ஜன்னல் கம்பில ஒரு முடிச்சு. அரைமணி நேரந்தான்" என்றாள்.

அப்படியே செய்தேன். பிள்ளையும் பெரிதாக அழவில்லை. வேட்டி எட்டுகிற தூரம் வரைக்கும் நடந்து, திரும்பி, மறுபடி நடந்துகொண்டிருப்பாள். அந்த அரைமணி நேரத்தில் சோறு வடித்து, குழம்பு கூட்டிவிடுவேன்.

இரண்டு மாதம் அப்படிப் போனது. ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலை கொடுக்க வாசலுக்கு வந்தாள். வயதில் என்னைவிடச் சின்னவள்தான், வரிசையில் எல்லோரும் அக்கா என்பதால் நானும் அப்படித்தான் சொல்வேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். மலையாளம் கலந்து சத்தமாகப் பேசுவாள், சத்தமாகச் சிரிப்பாள். பிள்ளையைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யே! என்ன அண்ணா இது, ஆட்டுக்குட்டிய மாதிரி கெட்டிப் போட்டிருக்கு? பாவமல்லே! ஒரு பிடி புல்லும் போட்டுக் கொடுக்க வேண்டியதுதானே!"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். குழாயடியில் நின்ற இரண்டு பேருக்கும் அது கேட்டது, அவர்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அவள் போனதும் முடிச்சை அவிழ்த்தேன். அதற்குப் பிறகு கட்டவில்லை. மனைவியிடம் இதைச் சொல்லவும் இல்லை.

ஒரு வாரம் சமாளித்தேன். எட்டாம் நாள் மத்தியானம், சோறு வடிக்கிற நேரத்தில் பிள்ளை என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். கொதிக்கிற கஞ்சி மேலே பட்டுவிடும் என்று பயந்து, தூக்கி முன்னறையில் விட்டேன். பலகை சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வடிப்பதற்கு இரண்டு கையும் வேண்டும். பானையை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினால் முன்னறையில் சத்தமே இல்லை.

பலகை அப்படியே நின்றது. அதை ஒட்டிச் சின்ன வாளி கவிழ்ந்து கிடந்தது. குளியலறையிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு வந்து, அதன் மேல் ஏறி, பலகையைத் தாண்டியிருக்கிறாள்.

சந்துக்கு வந்தேன். இடது பக்கம் போனால் பெரிய ரோடு. வலது பக்கம் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் நான்கு பெண்கள் நின்றார்கள். மகளின் பெயர் என் வாய் வரைக்கும் வந்தது. கூப்பிடவில்லை. ஆட்டோக்களை நினைத்து ரோட்டுப் பக்கம் திரும்பினேன். ஓடவும் இல்லை. ஓடினால் என்னவென்று கேட்பார்கள்.

நடந்தாலும் கேட்டாள், பக்கத்து வீட்டு அக்கா.

"அண்ணா, எங்கோட்டு? வெயில்ல?"

"சும்மா" என்றேன்.

அந்த முக்கு திரும்பினால் பிள்ளை நிற்பாள், தூக்கிக்கொண்டு வந்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். கட்டிப் போட்டபோது சிரித்த அதே ஆட்களிடம், கட்டாமல் விட்டுத் தொலைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு கடைக்குள் எட்டிப் பார்த்தேன். கடைக்காரரிடமும் கேட்கவில்லை. திரும்பி வந்தேன்.

அப்போதுதான் வலது பக்கக் கோடியிலிருந்து ஒரு பெண் கத்தினாள். கட்டட வேலைக்கு வந்த சித்தாள்.

"அடப் பாவிகளா, யாரு பெத்த பிள்ளை இது! ஓடியாங்களேன்! ஓடியாங்க!"

செப்டிக் டேங்குக்குத் தோண்டிய குழியில் மழைத் தண்ணீர் நின்றது. பெரியவர்களுக்கு முழங்கால் அளவுதான் இருக்கும். அந்தச் சித்தாள் பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வீட்டு அக்கா என்னைத் தாண்டி ஓடினாள். அவள்தான் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். நான் ஆட்டோக்காரர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். நுரையீரலில் தண்ணீர் போயிருந்தது. எவ்வளவு நேரம் காணாமல் இருந்தாள் என்று டாக்டர் கேட்டார். கொஞ்ச நேரந்தான் என்றேன். பக்கத்தில் நின்ற அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். கோள் மூட்டச் சொல்லவில்லை, அழுதுகொண்டேதான் சொன்னாளாம். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் நாலு பேரும் நாலு பக்கம் ஓடியிருப்போமே என்று.

மனைவி வார்டுக்கு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"கட்டாம விட்டதக்கூட விடுங்க. கண்ணு தப்புறது யாருக்கும் வரும். நான் இருந்தாலும் வரும். அவ வாயத் தொறந்து கேட்டிருக்கா. எங்க போறீங்கனு கேட்டிருக்கா. ஏன் சொல்லல?"

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு சுடுதண்ணீர் வாங்கப் போனாள்.

மூன்று மாதம் அவள் வேலைக்குப் போகவில்லை. மறுபடி போன அன்று, பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொண்டுபோய் விட்டாள். நான் வீட்டில்தான் இருந்தேன். "அவருக்கு முதுகு முடியாது, பிள்ள பின்னால ஓட முடியல" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள். அதற்குப் பிறகு எல்லா நாளும் அப்படித்தான். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் பிள்ளை ஓடுவதும், "மோளே, அங்க ஏறாதே! இறங்கு! இறங்குனு சொன்னேன்!" என்று அக்கா போடுகிற சத்தமும் பகல் முழுக்கக் கேட்கும். நான் இந்தப் பக்கம் சமைத்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் மனைவி அங்கே போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாள்.

மகளுக்கு இப்போது ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. மழைக்காலத்தில் கொஞ்சம் இழுப்பு வரும், அவ்வளவுதான். அவளுக்கு அந்த மத்தியானம் ஞாபகம் இல்லை. யாரும் சொல்லவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. சாயங்காலம் வந்துவிடுவாள். மகளுக்குத் தலை வாரிக்கொண்டே, "பக்கத்து வீட்டு அத்தகிட்ட சமத்தா இருக்கணும், என்ன?" என்றாள்.

"எதுக்கு? அப்பா இங்க உண்டல்லோ?" என்று மகள் கேட்டாள்.

மனைவியின் கை நின்றது. சீப்போடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதற்கு அது போதுமான நேரம். அவள் காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

நான் சொல்லவில்லை. அவள் தலை வாரி முடித்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.