மேல்வீட்டுக் கயிறு

பபேடானில் எங்கள் கட்டடத்தின் முன்னால் மாடிக்கு மாடி கயிறு தொங்கும். கீழ்நுனியில் கவ்வி, மேலே பால்கனியில் சின்ன மணி. பத்திரிகையோ கடிதமோ கவ்வியில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும்; வீட்டுக்காரர் மேலே இழுத்துக்கொள்வார். என் தலைக்கு மேல் நான்காம் மாடியில் அரசை எதிர்த்து வேலையை விட்ட டீச்சர் ஒருத்தி தனியாக இருந்தாள். அவள் வீட்டு மணி இப்போதும் காற்றில் அடிக்கிறது.

நான் சட்டம் படித்தவன். ஓய்வுக்குப் பிறகு வார்டு வாக்காளர் பட்டியல் குழுவில் இருந்தேன். நாட்டின் அதிபரே நினைத்தாலும் பட்டியலில் ஒரு பெயரை அடிக்க முடியாது, வார்டுவாசி ஒருவர் ஆட்சேபம் எழுதித் தர வேண்டும், பெயருக்குரியவரை அழைத்து விசாரிக்க வேண்டும் என்று மற்றவர்களுக்கு விளக்கியவன் நான்தான்.

தேர்தலுக்கு முன் வார்டு அலுவலகத்து ஆள் வந்தான். எங்கள் தெருத் தமிழன். படித்த பெரியவரை 'சயாஜி' என்று கூப்பிடுவது இங்கே பர்மிய வழக்கம்.

"சயாஜி, மேல்வீட்டு டீச்சர் பேரு வேணாமாம். அதிபர் ஆபீஸ்லருந்தே சொல்லிட்டாங்க."

"அவருக்கு அந்த அதிகாரம் கிடையாதுப்பா."

"இருந்தா நான் எதுக்கு மூணு மாடி ஏறி வந்து உங்க டீயக் குடிக்கிறேன்? நீங்கதான் எழுதணும்." எழுந்தவன் திரும்பிப் பார்த்தான். "மக பாஸ்போர்ட்டு வந்திருச்சா, சயாஜி?"

எழுதினேன். 'மேற்படி நபர் இம்முகவரியில் வசிக்கவில்லை.' எழுதும்போது தலைக்கு மேலே அவள் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கான விசாரணை நோட்டீசை அவள் கயிற்றில் மாட்டுவதாகச் சொல்லி வாங்கிவந்து என் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

பட்டியல் சுவரில் ஒட்டப்பட்ட அன்று என்னிடம் வந்தாள்.

"சயாஜி, என் பேரக் காணோமே! செத்துட்டேனா?"

"ஏதோ தவறும்மா. பார்க்கிறேன்."

"நீங்க இருக்கீங்க, எனக்கென்ன" என்று சிரித்துக்கொண்டே படியேறினாள்.

ஒரு மாதம் கழித்து, அங்கே வசிக்காதவளுக்கு வீடு எதற்கு என்று என் தாளைக் காட்டியே காலி செய்யச் சொன்னார்கள். அவளுடைய மனுக்களையெல்லாம் எழுதிக்கொடுத்தவன் நான்; என் கையெழுத்து அவளுக்குத் தெரியும். பையோடு இறங்கியவளின் செருப்பு என் கதவருகே நின்றது. நான் திறக்கவில்லை. பிறகு சத்தம் கீழே போயிற்று.

நான் எழுதிய பொய் இப்போது உண்மை. அங்கே யாரும் வசிக்கவில்லை.

நேற்று இறங்கிப் போய் அந்த நோட்டீசை அவள் கவ்வியில் மாட்டி, கயிற்றை இழுத்தேன். மேலே மணி அடித்தது. வெயில் ஏறும்வரை நின்றேன். தாள் அங்கேயே தொங்குகிறது.