அறைக்கு அடித்த வள்ளத்துப் பெயின்ட்

மீனவர் ஊரான பள்ளிமுனையில் அருளப்புவைப் போல இன்னொரு வீம்புக்காரரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். காற்று மாறினால் எல்லோரும் வள்ளத்தைத் திருப்புவார்கள். இவர் காற்றோடு சண்டை பிடிப்பார். மகள் மதுஷிகா, முருங்கனில் வயல் செய்யும் தனுஷனைக் கட்டப்போகிறேன் என்று நின்றபோதும் அப்படித்தான். "கடலைக் கண்டால் தலைசுத்துறவனுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கமாட்டன்" என்றார். கோயிலில் கலியாணம் நடந்தபோது இவர் கரையில் இருந்து கிழிந்த வலை பொத்தினார். அதற்குப் பிறகு மகளோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. மனைவி செலீனா தொலைபேசியில் மகளோடு கதைக்கும்போது மட்டும் இவர் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

மதுஷிகாவுக்குப் பிள்ளை பிறக்கும் நாள் நெருங்கியது. தலைப்பிள்ளை பிறந்ததும் தாய்வீட்டுக்கு வருவதுதான் எங்கள் பக்கத்து வழமை. ஆனால் தகப்பன் முகம் கொடுக்காத வீட்டுக்கு எப்படி வருவது? அவள் தயங்கினாள். செலீனா கெஞ்சிக் கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தார்.

"அறைக்கு இளமஞ்சள் அடிச்சால் வடிவாயிருக்கும், அம்மா. வெள்ளைச் சுவர் பிள்ளையின்ரை கண்ணுக்குக் கூசும்" என்று மகள் சொன்னது தொலைபேசி வழியே அருளப்புவின் காதிலும் விழுந்தது.

செலீனா முருங்கன் ஆசுபத்திரியில் மகளுக்குத் துணையாக நின்றபோது இவர் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டார். சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டைத் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதும் சிரித்துவிட்டார். "தண்ணியிலை கரையிறது உப்புக்காத்துக்கு நிக்குமோ?" காலமெல்லாம் வள்ளத்துக்குப் பெயின்ட் அடித்த மனிதர் அல்லவா! வள்ளத்து வெள்ளையில் மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கி, பலகைத் துண்டில் பூசிப் பூசிப் பார்த்தார். குறை சொல்லக்கூடாது, நிறம் அருமையாக வாய்த்தது. காலை வெயில் சுவரிலேயே தங்கிவிட்டதைப் போல இருந்தது.

பிள்ளை பிறந்த சந்தோசத்தோடு வீடு திரும்பிய செலீனா வாசலிலேயே மூக்கைப் பொத்தினார்.

"இஞ்சேருங்கோ, இதென்ன வீடோ வள்ளமோ? கண் எரியுது! பச்சைப் பிள்ளையை இதுக்குள்ளை எப்பிடிக் கிடத்துறது? நாளைக்கு ஆசுபத்திரியாலை விடுறாங்கள்."

கதவு, யன்னல் எல்லாம் திறந்து வைத்தும் பெயின்ட் மணம் போகவில்லை. வீட்டில் இருந்ததோ அந்த ஒரு அறைதான். செலீனா தொலைபேசியை அவரிடம் நீட்டினார்.

"வாவெண்டு கெஞ்சினது நான். வரவேண்டாம் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

இவ்வளவு காலம் கதைக்காத மகளிடம் முதன்முதலில் சொல்ல வேண்டியது இதுவா? பாவம், மனிதர் தொலைபேசியை வாங்கி மகளை அழைத்தார்.

"பிள்ளை... நாளைக்கு வரவேண்டாம்."

"கோவத்திலை சொல்லேல்லை," என்று பதறினார். "அறைக்கு வள்ளத்துப் பெயின்ட் அடிச்சுப் போட்டன். கண் எரியிற அளவுக்கு மணக்குது. மணம் போனவுடனை நானே வந்து கூட்டிக்கொண்டு வாறன்."

மதுஷிகா விம்முவது கேட்டது.

"நீங்களோ அடிச்சனீங்கள், அப்பா?"

"ஓம். மஞ்சள்தான்."

"அது காயட்டும். அதுவரைக்கும் நிக்காதேங்கோ, இப்பவே வெளிக்கிட்டு வாங்கோ. இவனை நீங்கள் இன்னும் தூக்கேல்லை."

அருளப்பு சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். தொலைபேசி காதிலேயே இருந்தது. மகளும் வைக்கவில்லை.